பசுவும் வௌவாலும் ஒரே வகுப்பு

(மாட்டுப் பொங்கல் மாலை நம் சங்கக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். அன்று நேரம் போதாமல் விட்டுப்போன சில விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)

 

நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க். விலங்கியலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், கிளைக்குள் பெருச்சாளி புகுந்து வவுச்சர் கட்டைக் கடித்தபோது அதைத் துரத்தியது ஒன்றுதான். அப்படிப்பட்டவன் இன்றைக்குப் பாலூட்டிகளைப் பற்றிப் பேச நிற்பதற்குக் காரணம் என் பேத்தி. நாலாம் வகுப்பு. போன வருடம் ஒரு நாள் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு, "தாத்தா, வௌவால் பறவையா?" என்று கேட்டாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஆமாம், ராத்திரியில் பறக்கிற பறவை" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் தப்பு. "தாத்தாதான் சொன்னார்" என்று டீச்சரிடம் வேறு சொல்லியிருக்கிறாள்.

அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில் கிடைத்த புத்தகங்கள், மருமகன் டவுன்லோடு செய்து தந்தவை, பள்ளிக்கூடப் பாடநூல்கள். படிக்கப் படிக்க விடமுடியவில்லை. அதோடு, நம் சங்கத்தில் ஏரிக்கரை ஆலமரத்தைப் பற்றி ஒரு தீர்மானம் நிலுவையில் இருப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதற்கும் வருகிறேன். முதலில் மாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், இன்றைக்கு அதன் நாள்.

பொன்னேரிப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் ஒரு பசு இருந்தது. அது கன்று போட்டால் வீடே விழித்திருக்கும். கன்று கீழே விழுந்ததும் தாய் அதை நக்கும். தள்ளாடி எழுந்து, நேராகப் போய் மடியை முட்டும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கன்று வயிறு நிறையக் குடித்த பிறகுதான் அம்மா மீதியைக் கறப்பாள். அந்தச் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்துத் தருவாள். எனக்கு அது பண்டம். அறுபது வயதுக்குமேல்தான் அதன் உள்விவரம் தெரிந்தது. பசுவின் வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போவதில்லை. பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால் வழியாகத்தான் போகிறது. மனிதக் குழந்தைக்குக் கொஞ்சம் கர்ப்பத்திலேயே கிடைத்துவிடும், மீதி தாய்ப்பாலில். கன்றுக்கோ சீம்பால்தான் ஓப்பனிங் பேலன்ஸ். அது இல்லாவிட்டால் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். "முதல்ல கன்னுக்கு" என்று அவள் சொன்னது எவ்வளவு சரி.

இந்தப் பால்தான் நம் வகுப்பின் அடையாளம். பாலூட்டி என்ற பெயரே அதுதான். உடம்பில் வியர்வைச் சுரப்பி போன்ற ஒரு சுரப்பியிலிருந்து உணவு சுரந்து குட்டிக்குக் கொடுப்பது வேறு எந்த வகுப்பிலும் இந்த முறையில் இல்லை. புறா தன் தொண்டைப் பையிலிருந்து குஞ்சுக்கு ஒன்றைக் கொடுக்கும், அதையும் பால் என்பார்கள். ஆனால் அதற்குச் சுரப்பி கிடையாது.

ஆனால் பால் என்று ஒரே பெயர் சொன்னாலும் சரக்கு ஒன்றல்ல. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு, எருமைப்பாலில் ஏழு என்பது காலையில் பால் பூத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். வட அட்லாண்டிக்கில் மிதக்கும் பனிக்கட்டிமேல் குட்டி போடும் ஒரு வகைச் சீல் இருக்கிறது. அதன் பாலில் அறுபது சதவீதம் கொழுப்பு. பனிக்கட்டி உடைவதற்குள் வளர்த்தாக வேண்டும், அதனால் நாலே நாளில் பால்குடியை மறக்கடித்துவிடுகிறது. யானைக்கு அவசரம் இல்லை. வயிற்றிலேயே இருபத்திரண்டு மாதம், பிறகு பால்குடி வருடக்கணக்கில். ஆஸ்திரேலியாவில் பிளாட்டிபஸ் என்று ஒன்று. முட்டை போடுகிறது, ஆனால் குஞ்சு பொரிந்ததும் பால் கொடுக்கிறது. காம்பு கிடையாது. தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக் குடிக்கும். எக்கிட்னாவும் அப்படித்தான். முட்டை போடுவதால் அவற்றை வெளியே தள்ளவில்லை. பால் இருக்கிறதே, உள்ளே வா என்று சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது அடையாளம் ரோமம். திமிங்கலத்துக்கு ஏது ரோமம் என்று கேட்பீர்கள். பல வகைத் திமிங்கலங்களுக்கு மோவாய்ப் பக்கத்தில் சில முடிகள் இருக்கின்றன, சிலவற்றுக்குப் பிறக்கும்போது மட்டும் இருந்து உதிர்ந்துவிடுகின்றன. முள்ளம்பன்றியின் முள்ளும் ரோமம்தான், எறும்புதின்னியின் செதிலும் ரோமம் செய்யப்பட்ட அதே பொருள்தான். நம் நகமும் அதுவே.

ரோமம் எதற்கு? சூட்டைக் காப்பாற்ற. இந்தச் சூடு விஷயத்தை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன். என் மகளுக்கு இரண்டாவது பிரசவம் ஏழாம் மாதத்திலேயே ஆகிவிட்டது. பையன் ஒரு கிலோ நானூறு கிராம். சென்னையில் ஒரு அரசு மருத்துவமனை. உள்ளங்கை அளவு உடம்பு. நர்ஸம்மா வந்து, "சூடு நிற்கமாட்டேங்குது" என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு மகளை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, குழந்தையை அவள் நெஞ்சோடு தோல்மேல் தோல் படும்படி வைத்து, துணியால் கட்டினார்கள். கங்காரு முறை என்றார்கள். மணிக்கணக்கில் அப்படியே. மகள் குளிக்கப் போகும்போது மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார். ஒரு நாள் என்னையும் கேட்டார்கள். என் நெஞ்சில் வெள்ளை முடிக்கு நடுவில் அந்தக் குழந்தை ஒரு மணி நேரம் தூங்கினான். நான் அசையவே இல்லை. மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

இந்த முறை 1970களின் கடைசியில் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகரம் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இப்போது உலகம் முழுக்க. கங்காரு பெயர் ஏன் என்றால், அதன் குட்டி பிறக்கும்போது ஒரு அவரைக்கொட்டை அளவுதான், ஒரு கிராம்கூட இருக்காது. அது தானே தாயின் ரோமத்தைப் பிடித்து ஏறி, பைக்குள் போய், காம்பைக் கவ்விக்கொள்கிறது. மீதி வளர்ச்சியெல்லாம் அங்கேதான். என் பேரனும் அப்படித்தான் மீதி வளர்ச்சியைத் தாயின் நெஞ்சில் முடித்தான். இப்போது அவனுக்கு மூன்றரை வயது. அதோ மைக் ஒயரைப் பிடித்து இழுப்பவன் அவன்தான்.

சூடான ரத்தம் சும்மா கிடைப்பதில்லை. அதற்கு வட்டி கட்ட வேண்டும். பல்லியைப் பாருங்கள், நாலு நாள் சாப்பிடாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூஞ்சூறுக்கு அது முடியாது. உடம்பு சிறியது, சூடு வேகமாக வெளியே போகும், அதனால் ராத்திரி முழுக்கத் தின்றபடியே ஓட வேண்டும். இங்கே மூஞ்சூறுக்காக ஒரு வார்த்தை. நம் வீடுகளில் எலி விஷம் வைத்து முதலில் சாவது அதுதான். அது எலியே இல்லை. எலி, அணில், பெருச்சாளி எல்லாம் கொறிப்பவை. மூஞ்சூறு பூச்சி தின்னும் வேறு வரிசை. கரப்பான்பூச்சியைத் தின்று நமக்கு வேலை செய்கிறது. வாடைதான் குறை. அதன் குட்டிகள் வெளியே கிளம்பும்போது, முதல் குட்டி தாயின் வால்பக்கத்தைக் கவ்விக்கொள்ளும், அடுத்தது முதல் குட்டியை, அதற்கடுத்தது இரண்டாவதை. நம் சூலூர்ப்பேட்டை யூனிட் மாதிரி வரிசையாக ஓடும். ஒரு நாள் மழை இரவில் எங்கள் வராந்தாவில் பார்த்தேன். பிள்ளையார் நல்ல ஆளைத்தான் வைத்திருக்கிறார்.

வெளியே தெரியாத அடையாளங்கள் இன்னும் சில உண்டு. அவைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கழுத்தெலும்பை எண்ணினால் ஏழு. நமக்கு ஏழு, எலிக்கு ஏழு, கழுத்தே இல்லாத மாதிரி இருக்கும் திமிங்கலத்துக்கு ஏழு, ஆறடி நீளக் கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், ஒவ்வொன்றும் நீளம். விதிவிலக்கு என்று பார்த்தால் தென் அமெரிக்காவின் ஸ்லாத், மனாட்டி என்னும் கடல் உயிரி, இவ்வளவுதான். கிளிக்கும் அன்னத்துக்கும் எண்ணிக்கை வெவ்வேறு, பறவைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அடுத்தது காது. நம் காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள். சுத்தி, பட்டடை, அங்கவடி. பாலூட்டி எல்லாவற்றுக்கும் மூன்று. பல்லிக்கும் பறவைக்கும் ஒன்றுதான். அப்படியானால் மீதி இரண்டு எங்கிருந்து வந்தன? ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருக்கும் இரண்டு எலும்புகள்தான், பல கோடி வருடத்தில் மெல்லமெல்லச் சிறுத்து நகர்ந்து நம் காதுக்குள் போயிருக்கின்றன. இதற்குப் புதைபடிவச் சான்று வரிசையாகக் கிடைத்திருக்கிறது. கருவில் வளரும்போதும் அவை தாடையோடு ஒட்டித்தான் தொடங்குகின்றன. ஒரு ஹெட்டில் செலவாக எழுதியதை இன்னொரு ஹெட்டுக்கு மாற்றியதுபோல. முன்னோர் மென்ற எலும்பால்தான் நீங்கள் இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கையும் அப்படியே. நம் கையில் ஐந்து விரல். திமிங்கலத்தின் துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே விரலெலும்புகள். குதிரை நிற்பது நடுவிரல் ஒன்றின் நுனியில். வௌவாலின் இறக்கை, இறக்கையே அல்ல, கை. கட்டைவிரல் மேலே கொக்கியாக நிற்க, மற்ற நாலு விரல்களும் குடைக்கம்பி மாதிரி நீண்டு, நடுவில் தோல். பேத்திக்கு இதைப் படம் போட்டுக் காட்டியபோது, "அப்போ அது கையாலதான் பறக்குதா?" என்றாள். ஆமாம்.

இவ்வளவு பொதுவாக இருந்தும் எத்தனை வகை! உலகத்தில் இதுவரை பெயரிட்டிருக்கும் பாலூட்டி இனங்கள் சுமார் 6,500. இந்தியாவில் மட்டும் 400க்கு மேல். பெரிய மிருகங்களைத்தான் நாம் நினைக்கிறோம், ஆனால் இந்த மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு எலி, அணில் குடும்பம். ஐந்தில் ஒரு பங்கு வௌவால். புலி, யானை, சிங்கம், நாம் எல்லாம் மீதியில்தான்.

நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, ராமர் போட்டது என்று பாட்டி சொல்வாள். வடக்கே இருக்கும் அணிலுக்கு ஐந்து கோடு. ரிடையர் ஆன பிறகு டெல்லி போயிருந்தபோது பூங்காவில் எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான். எண்ணுவது தொழில் வழக்கம்.

நம் மாநிலத்துக்கு உள்ளேயே பாருங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் தேவாங்கு. பெரிய கண், குச்சி கை, இரவில் மரத்தில் நடக்கும். அதற்காக 2022இல் 11,806 ஹெக்டேர் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள், நாட்டிலேயே அதற்கென்று முதல் சரணாலயம். அதே வருடம் பாக் நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடல் பகுதியை ஆவுளியாவுக்காக ஒதுக்கினார்கள். ஆவுளியாவைக் கடல்பசு என்றும் சொல்வார்கள். கடலடியில் புல் மேய்வது. பசு என்று பெயரே தவிர, அதற்கு நெருங்கிய சொந்தம் யானை. ஆணுக்குச் சிறு தந்தம்கூட உண்டு. பெண் யானைக்கு முன்னங்காலுக்கு இடையில் மார்பு இருப்பதுபோல ஆவுளியாவுக்கும் துடுப்புக்குப் பக்கத்தில். அந்தக் காலத்து வெள்ளைக்கார மாலுமிகள் கடல்கன்னி என்று கதைகட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். மூஞ்சியைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2016 ஜனவரியில், இதே பொங்கலுக்கு முந்தின நாட்களில், திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. மீனவர்கள் ராத்திரியெல்லாம் படகு கட்டி இழுத்து அவற்றைக் கடலுக்குள் விட்டார்கள். சில போய்விட்டன. சில திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேல் இறந்துபோயின. 1973லும் அதே கரையில் இப்படி நடந்திருக்கிறது. இந்த வகைத் திமிங்கலங்கள் குடும்பமாக வாழ்பவை, கூட்டத்தைவிட்டுப் பிரியாதவை. ஒன்று வழிதவறினால் மற்றவை பின்னால் வரும். டிவியில் அதைப் பார்த்தபோது மீன் சாகிறது என்றுதான் நினைத்தேன். மீன் என்றால் கரையில் மூச்சு முட்டிச் சாகும். இவை நுரையீரலால் காற்றைச் சுவாசிப்பவை. மூச்சு இருந்தும், தண்ணீர் தாங்காததால் தன் உடம்பின் எடையே தன்னை நசுக்க, வெயிலில் சூடேறிச் சாகின்றன.

பெரியது நீலத்திமிங்கலம், நூறடி நீளம் வரை. சிறியது எது தெரியுமா? தாய்லாந்திலும் மியான்மரிலும் சுண்ணாம்புக் குகைகளில் இருக்கும் ஒரு வௌவால். எடை இரண்டு கிராம், ஏறக்குறைய நம் பழைய எவர்சில்வர் பத்துப் பைசா. அதன் பெயரில் கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து விஞ்ஞானியின் பெயர் இருக்கிறது. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது ஒரு லெட்ஜர் கதை.

1948இல் தேனிப் பக்கம் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத் துரை ஒரு வௌவாலைப் பிடித்தார். மாதிரியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதை நாடெங்கும் இருக்கும் சாதாரணக் குட்டைமூக்குப் பழவௌவால் என்று சீட்டு எழுதி, டிராயரில் வைத்துவிட்டார்கள். பதிவு முடிந்தது. இருபது வருடத்துக்கும் மேல் யாரும் திறந்து பார்க்கவில்லை. 1970இல் கிட்டி அங்கே வந்து பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லைப் பார்த்தார். இது அது இல்லையே என்றார். இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது. 1972இல் அதற்கு சலீம் அலியின் பெயரை வைத்து வெளியிட்டார். உலகத்தில் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் மட்டும் இருக்கும் ஒரு வௌவால், தவறான கணக்குத் தலைப்பில் இத்தனை வருடம் கிடந்தது. இரண்டு வருடத்தில் கிட்டியும் இறந்துவிட்டார். அவர் கண்டுபிடித்த அந்த இரண்டு கிராம் வௌவாலுக்கு நண்பர்கள் அவர் பெயரை வைத்தார்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று இருக்கும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததை அதில் போடுவோம். தெரியாததைத் தெரிந்த தலைப்பில் எழுதிவிடுவதுதான் ஆபத்து, பிறகு தேடவே மாட்டோம். என் பேத்திக்கு நான் சொன்ன பதிலும் அந்த வகைதான்.

சரி, இப்போது ஏரிக்கரை ஆலமரம்.

கடந்த கூட்டத்தில் வந்த மனுவை நான் குறைத்துப் பேசவில்லை. அதில் கையெழுத்து போட்டவர்கள் எல்லாம் நமக்கு வேண்டியவர்கள். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்க வேண்டியவர்களுக்கு அந்தக் கீச்சுக் கூச்சல் நரகம்தான். கார்மேல் எச்சம், மொட்டைமாடித் துணியில் கறை, வாடை. எல்லாவற்றுக்கும் மேல் நிபா பயம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பயப்படுவது நியாயம். என் வீட்டிலும் சின்னக் குழந்தை இருக்கிறது. மாசி மாதத்தில் கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்பது தீர்மானம். கடிதம் எழுத வேண்டியவன் பொருளாளரான நான். இன்னும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று சொல்லத்தான் இந்தப் பேச்சே.

அவை பழந்தின்னி வௌவால்கள். நம் தடா பக்கத்து நண்பர்கள் கப்பிலம் என்பார்கள். கையை விரித்தால் நாலடி, எடை ஒரு கிலோவுக்கு மேலும் போகும். கண்ணால் பார்த்தும் மோந்தும்தான் பழத்தைத் தேடும். ராடார் மாதிரி ஒலி எழுப்பித் திரிவது பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள், அவை நம் தெருவிளக்கைச் சுற்றி வருபவை. பழந்தின்னி சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும், விதையைத் தூரத்தில் போடும். ஒரே இரவில் இருபது கிலோமீட்டருக்கு மேலும் போய்வரும். இலுப்பைப் பூவுக்கும் இலவம் பூவுக்கும் மகரந்தம் கொண்டுசெல்வதில் அதற்குப் பங்கு உண்டு. மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அது நஷ்டமும் கொடுக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

ஒரு வௌவாலுக்கு வருடத்துக்கு ஒரே குட்டி. குட்டி போடும் காலம் பெரும்பாலும் மாசி, பங்குனி. பிறந்த குட்டி தாயின் மார்பைக் கவ்விக்கொண்டு, ரோமத்தைப் பற்றிக்கொண்டு, அது பறக்கும்போதும் கூடவே தொங்கும். கொஞ்சம் பெரிதானதும் தாய் அதை மரத்தில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். அந்த நேரத்தில்தான் நாம் ரம்பத்தோடு போக வேண்டும் என்று தீர்மானம் சொல்கிறது. தீர்மானம் எழுதியவர்களுக்கு இது தெரியாது. அன்று கை தூக்கிய எனக்கும் தெரியாது.

நிபாவுக்கு வருகிறேன். அந்தக் கிருமி இந்த வகை வௌவால்களின் உடம்பில் இருப்பது உண்மை. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகள் வழியாக மனிதர்களுக்கு வந்தது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வௌவால் கடித்த பழம், அதன் எச்சில், சிறுநீர் பட்ட கள், பதநீர், பிறகு நோயாளியை நெருங்கிப் பராமரிப்பது, இவைதான் வழி. மரத்தில் வௌவால் தொங்குவதால் கீழே நடப்பவருக்கு வருவதில்லை. ஆகவே கடிபட்ட பழத்தைத் தொடக்கூடாது, குழந்தைகள் கீழே விழுந்த கொய்யாவை எடுத்துத் தின்னக்கூடாது, விழுந்துகிடக்கும் வௌவாலைக் கையால் எடுக்கக்கூடாது, பதநீர் வாங்கினால் கலயம் மூடி இறக்கியதா என்று கேட்டு வாங்க வேண்டும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும். போன வாரம் நான் நடந்து பார்த்ததில் நம் நகரில் பதினோரு தொட்டிக்கு மூடி இல்லை. வீட்டு எண்ணை வாசிக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

மரத்தை வெட்டினால் கிருமி போய்விடுமா? ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்து வௌவால்களிடம் ஹெண்ட்ரா என்ற கிருமி உண்டு. குதிரைக்கு வந்து, அதிலிருந்து மனிதனுக்கு வருவது. அங்கே இருபத்தைந்து வருடப் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். காடு அழிந்து இரை கிடைக்காதபோது வௌவால்கள் சிறு கூட்டங்களாகச் சிதறி ஊருக்குள் வருகின்றன, அப்போதுதான் கிருமியை அதிகம் வெளியேற்றுகின்றன என்று கண்டார்கள். இப்போது அவை ஏரிக்கரையில் ஒரே மரத்தில் இருக்கின்றன. வெட்டினால் நம் வீட்டு மாமரத்துக்கும் பள்ளிக்கூட வேப்பமரத்துக்கும் பிரிந்து வரும்.

சட்டமும் இருக்கிறது. முன்பு பழவௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லை விலங்கு என்று ஒரு அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022இல் திருத்தம் கொண்டுவந்தபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். பழந்தின்னி இப்போது பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. மரம் வேறு புறம்போக்கில் நிற்கிறது, வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சங்கம் தானாக ஆள் வைத்து வெட்டினால் வழக்கு நம் தலையில்.

விழுப்புரம் மாவட்டத்தில் கழுப்பெரும்பாக்கம் என்று ஒரு ஊர். அங்கே ஆலமரத்தில் வௌவால்கள் இருக்கின்றன என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நம்மால் அந்த அளவுக்கு முடியாது, ஜி.என்.டி. ரோடு லாரி ஹாரனையே நம்மால் நிறுத்த முடியவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்று, தீர்மானத்தை ஆடி மாதக் கூட்டம் வரை தள்ளிவைப்போம், குட்டிகள் பறந்துவிடட்டும். மின்கம்பியைத் தொடும் இரண்டு கிளைகளை மட்டும் மின்வாரியத்திடம் சொல்லி அப்போது கழிக்கலாம். மற்றது, மரத்தடியில் நிற்கும் கார்களை மேற்குப் பக்கக் காலி மனைக்கு மாற்ற மனைச் சொந்தக்காரர் சம்மதித்திருக்கிறார், அங்கே ஜல்லி கொட்டச் சங்க நிதியில் பணம் இருக்கிறது, கணக்கு என்னிடம். நைட் ஷிப்ட்காரர்கள் ஆறு வீடு. அவர்களுடைய கிழக்கு ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அவர்களோடு தனியாக உட்கார்ந்து பேசுவோம். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த யோசனை நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை வௌவால் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மனுவில் "ஆயிரக்கணக்கில்" என்று இருந்தது. நான் ஒரு நாள் எண்ணியபோது 180. மறுநாள் 230. மூன்றாம் நாள் பேரன் கூட வந்து கையைத் தட்டிவிட்டான், கணக்கு போய்விட்டது. முப்பத்தைந்து வருடத்தில் கேஷ் டேலி ஆகாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. ஆகவே வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். இருட்டும்போது அவை வெளியே கிளம்பும், நாலு திசைக்கு நாலு பேர் நின்று எண்ணினால் சரியாக வரும். நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன். குடை மட்டும் அவரவர் கொண்டுவந்துவிடுங்கள்.